தாயின் கட்டிலருகே கற்ற கலை

கூனன், முடவன், கையிழந்தவன், முகம் சிதைந்தவன் என்று பார்ப்போர் நெஞ்சைப் பதறவைக்கும் வேடங்களைத் தாங்கியே உலகப் புகழ் பெற்ற ஒரு நடிகர் இருந்தார். அவர் நடித்த காலத்திலே சினிமாவுக்கு வாய் இல்லை. திரையிலே உருவங்கள் அசையும், உதடுகளும் அசையும். குரல் மட்டும் வராது. அந்தப் பேசாப் படங்களின் நாட்களில் இவருடைய முகத்தைத் திரையிற் கண்டு வளர்ந்தவர்களே கண்களைப் பொத்திக்கொண்டார்கள் என்பர். அவர் பெயர் லொன் சேனி. ஆயிரம் முகம் படைத்த மனிதர் என்று உலகம் அவரை அழைத்தது.

கத்தோலிக்க வார இதழ் ஒன்றில் பயங்கரப் பட நடிகர் ஒருவரின் சரித்திரத்துக்கு என்ன வேலை என்று வாசகர்களுட் சிலர் எண்ணக்கூடும். ஆனால் அந்தப் பயங்கர முகங்களுக்குப் பின்னாலே நோயுற்ற தாய்க்கு ஒரு சிறுவன் செய்த பணிவிடை இருக்கிறது. கடைசிவரை ஆறாமற் போன ஒரு காயமும் இருக்கிறது. இவ்விரண்டிலும் நம் குடும்பங்கள் எண்ணிப் பார்க்க வேண்டியவை உண்டு.

ஓசையற்ற வீடு

ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், றொக்கி மலைத்தொடரின் அடிவாரத்தில் கொலராடோ ஸ்பிறிங்ஸ் என்னும் நகரம் உள்ளது. 1883ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1ஆம் திகதி அந்நகரிலேதான் லொன் சேனி பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் லியோனிடாஸ் பிராங் சேனி. தகப்பனார் பிராங் சேனி முடிதிருத்துந் தொழில் செய்து குடும்பத்தைக் காத்தவர். தாயார் எம்மா கென்னடி. தகப்பனாருக்கும் காது கேளாது. தாயாருக்கும் காது கேளாது.

தாயாரின் தந்தையார் ஜொனதன் கென்னடியின் பிள்ளைகளுட் சிலர் காது கேளாதவர்கள். தம் பிள்ளைகளைப் போன்ற மற்றப் பிள்ளைகளுக்கும் கல்வி கிடைக்கவேண்டும் என்று எண்ணிய அவர், 1874ஆம் ஆண்டில் அந்நகரிலே அவர்களுக்கென ஒரு பாடசாலையை ஆரம்பித்தார். பிற்காலத்தில் பார்வையற்ற பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்ட அப்பாடசாலை இன்றும் நடைபெறுகிறது. பிராங்கும் எம்மாவும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டது அங்கேதான்.

லொன் சேனிக்குக் காது நன்றாகக் கேட்டது; வாயும் நன்றாகப் பேசியது. ஆனால் வீட்டுக்குள்ளே அவற்றாற் பயனில்லை. அம்மா என்று கூப்பிட்டால் அம்மா திரும்பிப் பார்க்கமாட்டார். பசி என்றாலும் நோவு என்றாலும் கையாலும் கண்ணாலும் முகத்தாலுமே சொல்லவேண்டும். மற்றப் பிள்ளைகள் மழலை பேசிப் பழகும் வயதில் அவர் விரல்களாற் பேசப் பழகினார்.

அவர் நாலாம் வகுப்பிலே படித்துக்கொண்டிருந்தபோது தாயாரை வாதநோய் பீடித்தது. அவர் பாயும் படுக்கையுமானார். தகப்பனாரோ நாள்முழுதும் கடையில் நின்று உழைக்கவேண்டியவர். வீட்டில் ஆள் தேவைப்பட்டதால் சிறுவன் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டுத் தாயின் கட்டிலருகே இருந்துவிட்டான். ஏறக்குறைய மூன்று வருடங்கள் அவனே தாயைப் பராமரித்தான்.

எழும்பி நடமாட முடியாத, ஓசையும் கேளாத அந்தத் தாய்க்கு வெளியுலகம் என்று ஒன்று இருந்தால் அது அந்தச் சிறுவன்தான். அவன் தெருவுக்குப் போவான். எதிர்ப்படுகிறவர்கள் எப்படி நடக்கிறார்கள், எப்படிச் சிரிக்கிறார்கள், எப்படிக் கோபிக்கிறார்கள் என்று கூர்ந்து கவனிப்பான். வீட்டுக்கு வந்து அவர்களையெல்லாம் ஒவ்வொருவராகத் தாயின் முன்னே நடித்துக் காட்டுவான். தாயின் முகம் மலரும்வரை ஓயமாட்டான்.

பின்னாளில் கோடிக்கணக்கானோர் பணங்கொடுத்துப் பார்த்த அந்தக் கலைக்குப் பள்ளிக்கூடம் இதுவே. தாய்தந்தையரைக் கனம்பண்ணும் கற்பனையை எத்தனையோ விதமாக அனுசரிக்கலாம். இச்சிறுவன் தன் படிப்பையும் விளையாட்டையும் கொடுத்து அதை அனுசரித்தான்.

கூத்துமேடையும் குடும்பத் துயரும்

வாலிப வயதில் அவர் செய்யாத வேலை இல்லை. பைக்ஸ் பீக் என்னும் உயர்ந்த சிகரத்துக்கு வரும் உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டினார். வீடுகளுக்குக் கம்பளம் விரித்தார். சுவர்களுக்குக் கடதாசி ஒட்டினார். மூத்த சகோதரன் வேலை செய்த நகர நாடக அரங்கிலே மேடைச் சாமான்களை எடுத்துவைக்கும் பையனாகவும் நின்றார். அங்கிருந்துதான் மேடையில் ஏறும் ஆசை பிறந்தது. 1902ஆம் ஆண்டளவில் நடிப்பைத் தொழிலாகக் கொண்டு, பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் கலந்த நாடகங்களை ஊரூராக நடத்திச்சென்ற குழுக்களோடு சேர்ந்துகொண்டார். கிடைத்த வருமானம் சொற்பம். சில ஊர்களிற் சாப்பாட்டுக்கே வழியிராது.

அப்படி ஊர்சுற்றிய நாட்களில் ஒக்லஹோமா நகரத்திலே கிளீவா கிறைற்றன் என்னும் பதினாறு வயதுப் பாடகியைக் கண்டு மணந்தார். 1906ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அவர்களுக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்தது. கிறைற்றன் என்று தாயின் குடும்பப் பெயரையே பிள்ளைக்கு இட்டனர். சில ஆண்டுகளின் பின் குடும்பம் கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தது.

இருவரும் மேடைக் கலைஞர்கள். இருவருக்கும் இரவு வேலை. இருவரும் வெவ்வேறு அரங்குகளில் வேலை செய்த நாட்களும் உண்டு. சந்தேகமும் சச்சரவும் மெல்ல மெல்ல வீட்டுக்குள் நுழைந்தன. 1913ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 30ஆம் திகதி, கணவன் வேலைசெய்த லொஸ் ஏஞ்சல்ஸ் மஜெஸ்ரிக் அரங்குக்கு வந்த கிளீவா அங்கேயே நஞ்சருந்தினார். உயிர் தப்பியது, ஆனால் தொண்டை வெந்து, பாடும் குரல் என்றென்றைக்குமாகப் போய்விட்டது. பத்திரிகைகள் இதைப் பெரிதாக எழுதின. விவாகம் முறிந்தது. அவமானத்தால் மேடையுலகின் கதவுகள் சேனிக்கு மூடிக்கொண்டன.

ஏழு வயதுப் பையனைப் பிறர் வீடுகளிலும் விடுதிகளிலும் விட்டுவிட்டு, பிழைப்புத் தேடி அவர் சென்ற இடம் ஹொலிவூட். அந்நாளில் மேடை நடிகர்கள் சினிமாவை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. வேறு வழியில்லாமலே சேனி அங்கே போனார்.

நூறு டொலர் பெறாத நடிகர்

யூனிவர்சல் நிறுவனத்தில் அன்றாடக் கூலிக்கு நடிக்கத் தொடங்கினார். காலையில் வாசலில் நின்று, இன்றைக்கு என்ன வேடத்துக்கு ஆள் வேண்டும் என்று கேட்பார்கள். கிழவனா, கடற்கொள்ளைக்காரனா, சீனனா, எதுவானாலும் தன் ஒப்பனைப் பெட்டியைத் திறந்து அந்த வேடத்தோடு வந்து நிற்பார் சேனி. இதனாலே அவருக்கு வேலை குறையவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட சிறு படங்களில் தோன்றிவிட்டார்.

1915ஆம் ஆண்டில் ஹேஸல் ஹேஸ்ரிங்ஸ் என்னும் நாடக நடனப் பெண்ணைக் கைப்பிடித்தார். அதன்பின்பே மகனை வீட்டுக்கு அழைத்துவர முடிந்தது. ஹேஸல் கடைசிவரை அவருக்கு உற்ற துணையாக இருந்தார்.

குடும்பம் ஒரு நிலைக்கு வந்தபின், சம்பளத்தை வாரத்துக்கு 125 டொலராக உயர்த்தித் தரும்படி நிறுவனத்தைக் கேட்டார். இவர் ஒருநாளும் நூறு டொலருக்கு மேற் பெறமாட்டார் என்று நிர்வாகி கூறிவிட்டதாகச் சொல்வார்கள். சேனி வெளியேறினார். சில காலம் வேலையின்றி அலைந்தார்.

1919ஆம் ஆண்டில் ஜோர்ஜ் லோன் ரக்கர் என்னும் இயக்குநர் ‘அற்புத மனிதன்’ என்ற படத்தை எடுத்தார். அதன் கதை நம் வாசகர்களுக்குச் சுவையாயிருக்கும். ஒரு சிற்றூரிலே செபத்தினால் நோய்தீர்க்கும் முதியவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயரைச் சொல்லிப் பணம் சுருட்ட நகரத்துக் கள்ளர் கூட்டம் ஒன்று திட்டமிடுகிறது. கூட்டத்தில் ஒருவன் கைகால்களை முறுக்கி முடவனாக நடிக்கத் தெரிந்தவன். அவனுக்குத் தவளை என்று பட்டப்பெயர். அவன் எல்லோரும் பார்த்திருக்கத் தரையில் இழுபட்டுச் சென்று, முதியவரின் காலடியிலே குணமடைந்தவன்போல எழுந்து நிற்கவேண்டும். அவ்வாறே செய்கிறான். கூட்டம் திகைத்து நிற்கிறது. அந்த வேளையிலே, உண்மையாகவே முடமாயிருந்த ஒரு சிறுவன், கண்ட காட்சியை நம்பித் தன் ஊன்றுகோல்களை எறிந்துவிட்டு முதியவரிடம் ஓடுகிறான். பொய்யர்கள் நடத்திய கூத்திலே மெய்யான அற்புதம் நடந்துவிடுகிறது. கள்ளர்களின் மனங்களும் ஒவ்வொன்றாய் மாறுகின்றன.

தவளையாக நடித்தவர் சேனி. முறுக்கிய உடல் அங்கம் அங்கமாக நிமிரும் அந்த ஒரு காட்சியால் அவர் பெயர் நாடெங்கும் பரவியது. அந்தப் படம் இன்று முழுமையாக இல்லை. எஞ்சியிருப்பவை சில நிமிடத் துண்டுகளே. நற்பேறாக அந்தக் காட்சி அத்துண்டுகளில் இருக்கிறது.

கூனனும் கோவில் மணியும்

அடுத்த ஆண்டு ‘தண்டனை’ என்ற படத்தில் இரு கால்களையும் இழந்த கொள்ளைத் தலைவனாக வந்தார். சிறுவனாயிருந்தபோது அனுபவமற்ற வைத்தியர் ஒருவர் தேவையில்லாமற் கால்களை வெட்டிவிட, அந்த வன்மத்தோடே வளர்ந்தவன் அவன். அந்த வேடத்துக்காகச் சேனி முழங்கால்களை மடக்கி, கால்களைப் பின்புறமாகத் தோல் வாரினால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, முழங்காலிலே நடந்தார். சிறிது நேரத்துக்கு மேல் அந்தக் கட்டைத் தாங்க முடியாது. அவிழ்த்ததும் இரத்தம் பாயும் வேதனையில் துடிப்பார்.

1923ஆம் ஆண்டிலே வந்தது ‘நொத்ர டாம் கூனன்’. பிரெஞ்சு எழுத்தாளர் விக்ரர் ஹியூகோ 1831இல் எழுதிய நாவலைத் தழுவியது அது. நூறு டொலர் பெறமாட்டார் என்று அனுப்பிய அதே யூனிவர்சல் நிறுவனம் இப்பொழுது அவரைக் கதாநாயகனாக அழைத்தது. பாரிஸ் நகரத்தின் நொத்ர டாம் பேராலய முகப்பையும் பழங்காலத் தெருக்களையும் கலிபோர்னியாவிலே பெரும் செலவிற் கட்டி எழுப்பினார்கள்.

மூலக்கதையிலே ஏழைப் பெண் எஸ்மெரால்டாவைத் துன்புறுத்தும் கொடியவன் பேராலயத்துக் குருவானவர் ஒருவரே. படத்திலோ அந்தப் பழி குருவானவரின் தம்பிமேற் போடப்பட்டது. குருவானவர் ஏழைகளுக்கு இரங்கும் நல்லவராகவே காட்டப்பட்டார். கத்தோலிக்க மக்களின் மனம் நோகாதிருக்கவே இந்த மாற்றம் செய்யப்பட்டது.

பேராலயத்து மணியடிக்கும் குவாசிமோடோவாக நடித்தவர் சேனி. முதுகிலே பாரமான கூன்; மார்பையும் தோளையும் அழுத்திக் கட்டிய வார்கள்; ஒரு கண்ணை மூடிவிட்ட மெழுகுக் கட்டி; வாய்க்குள்ளே பொய்ப்பற்கள். இத்தனையையும் சுமந்துகொண்டு நாட்கணக்காக நடித்தார். ஊரார் அந்தக் கூனனைக் கட்டிவைத்துச் சவுக்கால் அடிக்கிறார்கள். தாகத்தால் அவன் தவிக்கிறான். கூட்டம் சிரிக்கிறது. எஸ்மெரால்டா ஒருத்தி மட்டும் படியேறி வந்து தண்ணீர் கொடுக்கிறாள். அந்த ஒரு மிடறு தண்ணீரின் நன்றிக்காகவே பின்னர் அவன் தன் உயிரைக் கொடுக்கிறான்.

ஒன்றை இங்கே கவனிக்கவேண்டும். குவாசிமோடோ காது கேளாதவன். கோவில் மணிகளின் பேரோசையே அவன் செவியைப் போக்கிவிட்டது. காது கேளாத ஒருவன் எப்படித் தலையைச் சாய்த்துப் பார்ப்பான், பேசுகிறவரின் முகத்தை எப்படித் தேடுவான், ஊரார் சிரிக்கும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் எப்படி விழிப்பான் என்பதை எவரும் சேனிக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவை இருக்கவில்லை. தாயும் தகப்பனும் அவர் கண்முன்னே வாழ்ந்து காட்டிய வாழ்க்கை அது.

1925ஆம் ஆண்டில் ‘ஒபரா மாளிகையின் மாயாவி’ வெளிவந்தது. முகம் மண்டையோடுபோற் சிதைந்த இசைமேதை ஒருவன் பாரிஸ் இசை மாளிகையின் அடித்தளங்களில் மறைந்து வாழ்கிறான். முகமூடியை ஒருபோதும் கழற்றான். அவன் பின்புறமாக வந்த பாடகிப் பெண் முகமூடியைச் சட்டென இழுத்துவிடுகிறாள். அந்தக் கணத்தில் திரையில் தோன்றிய முகத்தைக் கண்டு அரங்குகளிற் கூக்குரல் எழுந்ததாம். கம்பியினால் மூக்கை மேலே இழுத்துக் கட்டி, கண்களைச் சுற்றிக் கருமை பூசி, சேனி தாமே உருவாக்கிய முகம் அது. உற்றுப் பார்த்தால், முகம் வெளிப்பட்டவனின் கண்களிலே கோபத்தைக் காட்டிலும் வெட்கமும் வேதனையுமே மிகுந்திருக்கும்.

இதுவே சேனியின் தனித்தன்மை எனலாம். பயமுறுத்துவது எளிது, பயந்தவனையே இரங்க வைப்பது அரிது. முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளச் செய்வார். படம் முடியும்போது அந்த முகத்துக்காகக் கண்ணீர் விடச் செய்வார்.

திரைக்கு வெளியே

1924ஆம் ஆண்டில் புதிதாக உருவான மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தின் முதலாவது தயாரிப்பில் அறை வாங்கிச் சிரிப்பூட்டும் சேர்க்கஸ் கோமாளியாக நடித்தார். அதன்பின் பெரும்பாலும் அந்த நிறுவனத்திலேயே இருந்தார். ரொட் பிறௌனிங் என்னும் இயக்குநரோடு சேர்ந்து பத்துப் படங்கள் செய்தார். 1927இல் வந்த ‘அறியப்படாதவன்’ என்ற படத்தில் கையற்றவனாக நடித்தபோது, காலாற் செய்யும் நுட்பமான வேலைகளுக்கு உண்மையாகவே கையற்ற ஒருவரின் கால்கள் உதவின. அந்தப் படத்தில் உடன் நடித்த ஜோன் குறோபோர்ட், நடிப்பென்றால் என்ன என்பதைத் தாம் இவரைப் பார்த்தே உணர்ந்ததாகப் பின்னாளிற் கூறியிருக்கிறார்.

வேடமே போடாமல் நடித்த படமும் உண்டு. 1926ஆம் ஆண்டின் முடிவில் வந்த படமொன்றில், கண்டிப்பான வெளியும் கனிந்த உள்ளமும் கொண்ட கடற்படைத் துருப்பினரின் சார்ஜன்ட் ஆக வந்தார். அதைக் கண்டு மகிழ்ந்த அமெரிக்க மரைன் துருப்பினர் அவரைத் தம்முள் ஒருவராக ஏற்றுக் கௌரவித்தனர். நடிகர் ஒருவருக்கு அந்தக் கௌரவம் கிடைத்தது அதுவே முதற்தடவை.

ஒப்பனைக் கலையில் அவருக்கு நிகரானவர் அக்காலத்தில் இல்லை. பஞ்சும் மெழுகும் பசையும் சாயமும் அடங்கிய ஒரு பெட்டி. அதுவே அவருடைய தொழிற்சாலை. பிறர் கையை முகத்திற் படவிடமாட்டார். பிரித்தானிய கலைக்களஞ்சியத்தின் 1929ஆம் ஆண்டுப் பதிப்புக்கு ஒப்பனை பற்றிய பகுதியை எழுதித்தரும்படி கேட்கப்பட்டவர், நாலாம் வகுப்போடு பள்ளியை விட்ட இந்த மனிதரே. அந்தப் பெட்டி லொஸ் ஏஞ்சல்ஸ் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்திற்குச் சென்று சேர்ந்தது.

விருந்து, வைபவம், விளம்பரம் எதையும் அவர் நாடவில்லை. வேலை முடிந்தால் வீட்டுக்குப் போவார். ஓய்வு கிடைத்தால் மனைவியோடு சியெரா நெவாடா மலைக்குப் போய் மீன் பிடிப்பார். அந்த மலையிலே கட்டிய கல்வீட்டுக்கு வரைபடம் அமைத்தவர் போல் வில்லியம்ஸ் என்னும் கறுப்பினக் கட்டடக் கலைஞர். நிறபேதம் மிகுந்த அந்நாளில் அது சிறிய காரியம் அல்ல.

1928ஆம் ஆண்டில் வந்த ‘சிரி, கோமாளியே, சிரி’ என்ற படத்தில் அவருடன் நடித்த பெண்ணுக்குப் பதினைந்து வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. அந்தப் பெண் பிற்காலத்திற் பெரும்புகழ் பெற்றவரும் பக்தியுள்ள கத்தோலிக்கருமான லொறேற்றா யங். இயக்குநர் அந்தச் சிறுமியைக் கடுஞ்சொற்களால் வாட்டியபோது, சேனி தகப்பனைப்போலக் காவலாக நின்றார். அந்த நன்றியை லொறேற்றா யங் முதுமையிலும் மறவாமற் சொல்லிவந்தார்.

குரல் வந்தது, குரல் போனது

1927ஆம் ஆண்டின் இறுதியிற் சினிமா பேசத் தொடங்கியது. உலகம் கொண்டாடியது. ஆனால் அந்தக் கொண்டாட்டத்துக்கு வெளியே ஒரு கூட்டம் நின்றது. காது கேளாதவர்களே அவர்கள். பேசாப் படம் ஒன்றே அவர்கள் மற்றவர்களோடு சமமாக உட்கார்ந்து பார்த்து மகிழ்ந்த கலை. எழுத்தட்டையை எல்லோரும் வாசிப்பார்கள், அவர்களும் வாசிப்பார்கள். நடிகனின் முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள். அவர்கள் எல்லோரிலும் கூர்மையாகப் பார்ப்பார்கள். படம் பேசத் தொடங்கியதும் அந்தக் கதவு அவர்களுக்கு மூடிக்கொண்டது.

மற்ற நட்சத்திரங்கள் பேசும் படங்களுக்கு விரைந்தபோது சேனி நெடுநாள் தயங்கினார். கடைசியில், 1925இல் நடித்த ‘தூய்மையற்ற மூவர்’ என்ற படத்தையே 1930ஆம் ஆண்டில் பேசும் படமாக மீண்டும் நடித்துக்கொடுத்தார். அதில் ஐந்து குரல்களிற் பேசினார்: குரல்மாற்றும் வித்தைக்காரன், அவன் கைப்பொம்மை, கிழவி, கிளி, இளம்பெண். ஐந்தும் தம் சொந்தக் குரலே என்று சத்தியக் கடதாசியில் ஒப்பமும் இட்டார். ஆயிரம் முகத்தாருக்கு ஆயிரம் குரலும் வாய்த்தது என்று இரசிகர்கள் மகிழ்ந்தனர்.

ஆனால் அதற்குமுன்னே நோய் அவருடைய மார்பிற் குடிபுகுந்துவிட்டது. 1929ஆம் ஆண்டில் கடும் பனிக்காலப் படப்பிடிப்பின்போது நியுமோனியாக் காய்ச்சல் கண்டது. அதன்பின் சுவாசப்பையிற் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அவர் அளவின்றிப் புகைபிடித்தவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பேசும் படம் வெளியாகிச் சில வாரங்களே ஆன நிலையில் வைத்தியசாலையிற் படுத்தார். தொண்டையிலிருந்து இரத்தம் பெருகியது, பேச்சு நின்றுபோயிற்று.

அந்தக் கடைசி நாட்களிலே, தாயின் கட்டிலருகே கற்ற விரல்மொழிக்கே அவர் திரும்பவேண்டியதாயிற்று. தண்ணீர் வேண்டும், நோகிறது, போதும் என்பவற்றையெல்லாம் கையாலும் கண்ணாலும் சொன்னார். அன்று தாய் படுத்திருந்தார், மகன் பேசினான். இன்று மகன் படுத்திருந்தார். ஓசையில்லாமற் பேசும் அந்த மொழி மட்டும் அவரைக் கைவிடவில்லை. 1930ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 26ஆம் திகதி, 47ஆவது வயதில் அவர் கண்மூடினார். மரைன் துருப்பினர் மரியாதை அணியாக வந்து நின்று அவரை அனுப்பிவைத்தனர். கலிபோர்னியா கிளென்டேலில் அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்திற் பெயர்கூடப் பொறிக்கப்படவில்லை.

ஒரு டொலர்

சேனியின் சரித்திரத்தை இத்தோடு முடித்துவிட்டால் இனிமையாயிருக்கும். ஆனால் முழுமையாயிராது.

அவருடைய மரண சாசனம் திறக்கப்பட்டபோது, சொத்து மனைவி ஹேஸலுக்கென்று இருந்தது. முதல் மனைவி கிளீவாவுக்கு ஒரேயொரு டொலர் எழுதப்பட்டிருந்தது. மறந்துவிட்டார் என்று எவரும் வழக்காடாதபடி சட்டத்துக்காக எழுதுவதுண்டு. எனினும், குரலிழந்த ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு டொலர் எதைச் சொல்லியிருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்.

அதனிலும் வருந்தத்தக்கது இன்னொன்று. தாய் இறந்துவிட்டார் என்று சொல்லியே மகன் கிறைற்றனை வளர்த்திருந்தார்கள். தாய் உயிரோடிருக்கிறார் என்பதைத் தகப்பனின் மரணத்துக்குப் பின்பே மகன் அறிந்தார். நோயுற்ற தாயின் அருகே இருப்பதற்காகத் தம் பள்ளிப்படிப்பையே துறந்த மனிதர், தம் மகனுக்கு ஒரு தாயை இல்லாமற் செய்துவிட்டார். கூனனுக்கும் முடவனுக்கும் முகம் சிதைந்தவனுக்கும் உலகத்தின் இரக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொடுத்தவரால், தம்மை நோகச்செய்த ஒரு பெண்ணுக்கு இரக்கம் காட்ட முடியவில்லை.

இதைச் சொல்வது அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக அல்ல. அந்த வீட்டில் நடந்தவற்றை முழுவதும் அறிந்தவர் இறைவன் ஒருவரே, தீர்ப்பும் அவருடையதே. ஆயினும் நம்மை நாமே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி இங்கே இருக்கிறது. தூரத்தில் இருக்கும் துன்பத்துக்கு இரங்குவது இலகு. திரையில் அழுகிறவனுக்காக நாமும் அழுகிறோம். ஆனால் பேசாமல் விட்ட சகோதரன், வாசல் மிதிக்கக்கூடாது என்று சொல்லிவிட்ட மருமகள், பெயரைச் சொன்னாலே முகம் கறுக்கும் பழைய உறவு என்று நம் வீடுகளிலும் ஒரு டொலர்க் கணக்குகள் இல்லையா? பெரியவர்களின் மனத்தாங்கலுக்காக உண்மை மறைக்கப்பட்டு வளர்கின்ற பிள்ளைகள் இல்லையா?

அந்த மகனும் நடிகரானார். 1935ஆம் ஆண்டில் லொன் சேனி இளையவர் என்று தகப்பனின் பெயரையே தாங்கிக்கொண்டார். 1941ஆம் ஆண்டில் ஓநாய் மனிதனாக வந்து அவரும் உலகைப் பயமுறுத்தினார். 1973இல் மறைந்தார்.

எஞ்சியவை

சேனி நடித்தவை ஏறக்குறைய நூற்றைம்பது படங்கள். அவற்றுள் நூறுக்கு மேற்பட்டவை அழிந்துபோயின. இரத்தம் குடிக்கும் உருவமாக அவர் வேடமிட்டு வந்த புகழ்பெற்ற 1927ஆம் ஆண்டுப் படத்தின் கடைசிப் பிரதி, 1965ஆம் ஆண்டில் படச்சேமிப்பு அறையொன்றில் ஏற்பட்ட தீயில் எரிந்துபோனது. மாயாவி படத்துக்காகக் கட்டிய இசை மாளிகை மண்டபம் 2014ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. ஆனால் கூனனும் மாயாவியும் இன்னமும் இருக்கிறார்கள். எவரும் அவற்றைப் பார்க்கலாம்.

பத்திரிகையாளருக்கும் எழுத்தாளருக்கும் பாதுகாவலராகத் திருச்சபை வைத்திருக்கும் புனித பிரான்சிஸ் சலேசியாரே காது கேளாதோருக்கும் பாதுகாவலர் என்பதை நம்மிற் பலர் அறியமாட்டோம். காது கேளாமல், பேச முடியாமல் இருந்த ஓர் ஏழை வாலிபனுக்கு அவர் சைகைகளாலேயே விசுவாசத்தைப் போதித்து, நற்கருணை பெற ஆயத்தம் செய்தார். மேற்றிராணியார் ஒருவர் விரல்களாற் பேசப் பழகிக்கொண்டார் என்றால், அது அந்த ஒரு மனிதனின் ஆத்துமம் அவருக்கு அவ்வளவு பெரிதாகத் தோன்றியதாலேயே. நமது ஆண்டவரும் காது கேளாத ஒருவனைக் குணமாக்கியபோது, முதலில் அவனைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் சென்றார். விரல்களை அவன் காதுகளில் வைத்தார். அவனுக்கு விளங்கக்கூடிய மொழியிலே அவனோடு பேசினார்.

நம் பங்குகளிலும் காது கேளாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஞாயிறு பூசைக்குப் பெற்றோரோடு வருகிறார்கள், பிரசங்கம் அவர்களுக்குக் கேளாது, பாட்டும் கேளாது. நம்முடைய முகம் மட்டும் அவர்களுக்குத் தெரியும். அந்த முகத்தில் அவர்கள் எதை வாசிக்கிறார்கள்? கொலராடோவின் ஒரு சிறு வீட்டிலே, படுக்கையாய்க் கிடந்த தாய் ஒருத்தி தன் மகனின் முகத்திலே முழு உலகத்தையும் வாசித்தாள். பேசாமற் பேசும் அன்பு எல்லா வீட்டிலும் பழகக்கூடியது. அதற்கு வேடம் தேவையில்லை. அருகில் இருந்தாற் போதும்.